சிறைவாசலில் நிற்கும் குடும்பம்

தமிழிலே சிறையைப் பற்றி எழுந்த மிகப் பழைய பாட்டுக்களுள் ஒன்று தன்மதிப்பைப் பற்றியதாகவே இருக்கிறது. புறநானூற்றின் 74ஆம் பாட்டை ஆசிரியர்களும் மாணவர்களும் நன்கறிவர். சேரமான் கணைக்கால் இரும்பொறை போரிலே தோற்றுச் சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டான்; குடவாயிற் கோட்டத்துச் சிறையிலே தண்ணீர் கேட்டான்; கேட்டவுடன் கிடைக்கவில்லை; பின்பு கிடைத்ததைக் கையிலே வாங்கி வைத்துக்கொண்டு, உண்ணாமல், ஒரு பாட்டைச் சொல்லி உயிர் துறந்தான் என்று அப்பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகிறது. மானத்துக்கு எடுத்துக்காட்டாக இதனைத் தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளிலே விளக்கி வந்திருக்கிறோம். ஆனால் அம்மன்னன் தன் மானத்தை எதன்மீது ஊன்றி நிற்கிறான் என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை. அவன் தன் படையைப் பேசவில்லை. தன் குடிப்பிறப்பைப் பேசுகிறான். இறந்து பிறந்த சிசுவுக்குங்கூட வாள்வடு தராமல் விடாத குடியிலே பிறந்த ஒருவன், நாய்போலக் கட்டுண்டு, பகைவரிடம் கையேந்தி நிற்பதற்காகவா பெற்றோர் பெற்றார்கள் என்பதே அவனுடைய கேள்வி. சிறைப்பட்டவனின் மானம் அவனைப் பெற்றவர்களின் கண்முன்னே வைத்து அளக்கப்படுகிறது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க வேறொரு மரபும் உண்டு. பொய்கையார் என்னும் புலவர் களவழி நாற்பது பாடிச் சோழனை மகிழ்வித்துச் சேரனைச் சிறைமீட்டார் என்பது அது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. ஆராய்ச்சியாளர் அதனைப் பார்த்துக்கொள்ளட்டும். தமிழிலே எழுதப்பட்ட முதற் பிணைமனு அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. மன்னனுக்குக் குடிப்பிறப்பும் இருந்தது. மனு எழுதப் புலவனும் இருந்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, தண்டப்பணம் கட்ட வழியில்லாமலோ சிறு பொட்டலம் போதைத்தூளோடு பிடிபட்டோ சிறைக்குப் போகும் பத்தொன்பது வயது இளைஞனுக்கு இவ்விரண்டும் இல்லை. அவனுடைய மானம் எங்கே இருக்கிறது, அதை மீட்பவர் யார் என்பதையே இங்கு ஆராய முற்படுகிறேன்.

அண்மைக் காலத்திலே உளநூலார் இவ்விடயத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றனர். சிறைப்பட்ட இளைஞருக்குத் தன்மதிப்புக் குன்றியிருக்கிறது. குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சை அளித்தால் அது உயரும். உயர்ந்தால் அவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்புவது குறையும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நம்மிலே சிலர் இத்தகைய பேச்சைக் கேட்டவுடன் ‘இது மேலைநாட்டுப் பூர்ஷ்வா மனோதத்துவம்’ என்று ஒதுக்கிவிடுவர். வேறு சிலர், உளவளத்துணைப் பயிற்சிக் கருத்தரங்குகளுக்குச் சென்று வந்தவர்கள், அதனை வேதவாக்காக ஏற்றுக்கொள்வர். இரு சாராருமே அந்தச் சிகிச்சை எங்கே, யாருக்காகத் தோன்றியது என்று கேட்பதில்லை.

அது சேரிகளிலே தோன்றியது. ஆர்ஜென்டீனாவிலே பிறந்து, மாணவப் பருவத்தில் அரசியற் காரணத்தால் சில மாதங்கள் சிறையிருந்து, பின் மருத்துவரான சல்வடோர் மினுச்சின் என்பவர் நியூயோர்க்கிலே வில்ட்விக் என்னும் பாடசாலையில் பணியாற்றினார். குற்றஞ்செய்த சிறுவர்களை, பெரும்பாலும் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோக் குடியேறிகளுமான ஏழைப் பிள்ளைகளை, நீதிமன்றம் அங்கே அனுப்பிவந்தது. பாடசாலையிலே திருந்திய பிள்ளை வீடு திரும்பியவுடன் பழையபடி ஆவதை அவரும் அவருடைய தோழர்களும் கண்டனர். பிள்ளையைத் தனியே பிரித்தெடுத்துத் திருத்துவதில் பயனில்லை, வீட்டாரையும் அழைத்துப் பேசவேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். எழுத்தறிவற்ற, களைத்துப்போன தாய்மாரோடு பேசுவதற்குக் கட்டிலிலே படுக்கவைத்துக் கனவு கேட்கும் பழைய முறை உதவாது என்பதையும் உணர்ந்தனர். 1967ஆம் ஆண்டு வெளிவந்த ‘சேரிகளின் குடும்பங்கள்’ என்னும் அவர்களது நூல் அந்த அனுபவத்தின் பயன். வறுமை உள்ளத்திலும் உறவிலும் எவ்விதம் வேலை செய்கிறது என்பதை நேர்மையாகப் பார்க்க முனைந்த நூல் அது. வர்க்கப் பார்வை இல்லாதது என்று அதனைத் தள்ளிவிடுவோர் ஒருமுறையாவது அதைப் படித்துப் பார்ப்பது நன்று.

தன்மதிப்பு என்னும் கருத்தின் வரலாறு வேறு. 1965இல் மொரிஸ் றோசன்பேர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பத்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறாய் என்று நான்கு படிகளிலே குறிக்கவேண்டும். அவர் அதை நியூயோர்க் மாநிலத்து உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்கென ஆக்கினார். இன்று உலகத்துச் சிறைகளிலெல்லாம் அது பயன்படுகிறது. 1980களிலே கலிபோர்னியா மாநில அரசு தன்மதிப்பை வளர்ப்பதற்கென ஒரு செயற்குழுவையே நிறுவி, வறுமைக்கும் குற்றத்துக்கும் போதைக்கும் அதனையே மருந்தென்று நம்பியது. 2003இல் ரோய் போமைஸ்டரும் வேறு சிலரும் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து நோக்கியபோது, தன்மதிப்பை உயர்த்திவிட்டால் நன்னடத்தை தானே பின்வரும் என்பதற்குச் சான்று மிக மெலிந்தது என்ற முடிவே எஞ்சியது. அந்த அளவுகோலின் வாக்கியங்கள் எல்லாம் ‘நான்’ என்ற ஒருவனைச் சுற்றியே அமைந்தவை. எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம், சிறையிலிருந்து வந்த சில வாரங்களின் பின்பு, ‘உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டேன். ‘அதை அக்காவிடம் கேளுங்கோ, சேர்’ என்றான். இந்த விடைக்கு நான்கு படிகளுள் எந்தப் படியிலே புள்ளி இடுவது?

தமிழிலே ‘சுயமரியாதை’ என்றொரு சொல் இருக்கிறது. 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் பெயராக அது தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்றது. அச்சொல்லுக்குள்ளே பிறர்மீது ஒரு கோரிக்கை இருக்கிறது: என்னைத் தெருவிலே நடக்கவிடு, கிணற்றிலே நீர் எடுக்கவிடு, மனிதனாக மதி என்பது. ‘தன்மதிப்பு’ என்ற புதுச்சொல்லிலே அந்தக் கோரிக்கை உதிர்ந்துவிடுகிறது. குறை நோயாளியுடையதாகி விடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பழைய சொல்லைத் தவிர்த்துப் புதுச்சொல்லை ஆக்கியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் விளைவு விளைவுதான்.

இனி வாவிக்கரைக்கு வருவோம். ‘மீன்பாடும் தேனாடு’ என்று பாடிப் பாடி நாம் இந்நிலத்தின் சமூக அமைப்பைப் பார்க்க மறந்திருக்கிறோம். மட்டக்களப்பிலே குடும்பம் என்பது யாழ்ப்பாணத்துக் குடும்பமன்று, கொழும்புக் குடும்பமுமன்று. இங்கே குடி தாய்வழியிலே செல்கிறது. கோயில் உரிமை முதற்கொண்டு பலவும் தாயின் குடியைக் கொண்டே கணிக்கப்படுவன. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வருவான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொதுவான வழக்கம். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அக்கரைப்பற்றிலே பல்லாண்டுகள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாகக் காட்டியிருக்கிறார். தாய்மாமனுக்கு இங்கே தந்தைக்கு நிகரான சொல்வாக்கு இருந்தது. மணமாகாத இளைஞனின் கடமை யாது? தகப்பனோடு சேர்ந்து உழைத்துத் தமக்கைக்கும் தங்கைக்கும் வீடு கட்டுவது. தனக்கென்று அவன் கட்டுவதில்லை. எங்கோ ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரர்கள் கட்டும் வீட்டிலேதான் அவன் நாளை வாழப்போகிறான்.

ஆகவே இப்பகுதி இளைஞனின் மானம் எதிலே தங்கியிருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள அளவுகோல் வேண்டியதில்லை. சகோதரியின் வீட்டுச் சுவர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அவன் சிறை சென்றால் சுவர் நின்றுவிடும். சுவர் நின்றால் கலியாணம் நின்றுவிடும். வீட்டாரைப் பார்க்க வெட்கி, ‘வரவேண்டாம்’ என்று சொல்லியனுப்பும் பையன்களை உளவளத்துணையாளர்கள் ‘குடும்பப் பிணைப்புக் குறைந்தவர்கள்’ என்று எழுதிவைத்தால் அது பெரும் பிழையாகும். பிணைப்பு மிகுந்தமையாலேதான் அவன் முகம் மறைக்கிறான்.

அந்தக் குடும்பமும் இன்று முழுதாக இல்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையிலே, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரிடையே இருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டனர். தந்தையும் தாய்மாமனும் ஒரே ஆண்டில் மறைந்த வீடுகள் இருபுறமும் உள்ளன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்து எழுவான்கரையின் வீடுகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளுள் பல, குடும்பத் தலைவன் ஆண்தானே என்ற எண்ணத்திலே, ஆண்களின் பெயருக்கு எழுதப்பட்டன. பெண்ணுக்கு உரிய வளவு ஒரு கையெழுத்திலே கைமாறியது. எஞ்சிய பெண்கள் கடனுக்கும் வயிற்றுக்குமாக வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றனர். இன்று குடும்பவழிச் சிகிச்சைக்கு ‘வீட்டாரை அழைத்து வாருங்கள்’ என்றால் வரக்கூடியவர் யார்? தாய் குவைத்திலே. தகப்பன் இல்லை. மாமன் இல்லை. பெரும்பாலும் அம்மம்மா ஒருத்தி வருவாள். தமிழன்றி வேறு மொழி அறியாதவள். பேருந்துக் காசைச் சேலைத் தலைப்பிலே முடிந்து வைத்திருப்பவள்.

இவ்விடத்திலே அரசாங்கம் நடந்துகொண்ட விதத்தையும் குறிப்பிட வேண்டும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்னும் ஏழைப் பெண், தன் பராமரிப்பிலிருந்த குழந்தையைக் கொன்றாள் என்ற குற்றச்சாட்டிலே 2005இல் சவூதி அரேபியாவில் கைதாகி, சிறையிலேயே இளமை கழிந்து, 2013 ஜனவரி 9ஆம் நாள் தலை வெட்டப்பட்டாள். கைதானபோது அவளுக்கு வயது 17. கடவுச்சீட்டிலே வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. அதே 2013இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற நடைமுறையை அரசாங்கம் கொண்டுவந்தது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் வெளிநாடு செல்லக்கூடாது. அவள் ஏன் போகிறாள் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையிலே விடை எதுவும் இல்லை. பிள்ளை கெட்டால் தாயே காரணம் என்ற முடிவு மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. 2022இல் நாடு வங்குரோத்து அடைந்து டொலர் தேவைப்பட்டபோது ஐந்து வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாய்ப்பாசத்தின் வயதெல்லை அந்நியச் செலாவணியோடு ஏறி இறங்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். 1939இல், வெள்ளையர் ஆட்சியிலே, சிறுவர் இளையோர் கட்டளைச் சட்டமும் இளங்குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. முன்னது 16 வயதுக்குக் குறைந்தோரையே காப்பதாக வரையறுத்தது. அதைத் தாண்டியவர் 18க்கு உட்பட்டவராயினும் நெடுங்காலம் பெரியவர்களோடு சேர்த்தே எண்ணப்பட்டனர். எட்டு வயதுப் பிள்ளைக்கும் குற்றப்பொறுப்பு உண்டென்ற விதி 2018இலேதான் பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. இளங்குற்றவாளிகளுக்கெனத் திருத்த நிலையங்கள் அமைந்தன. நீர்கொழும்புப் பக்கத்திலே பல்லன்சேனையிலும் பதுளைப் பக்கத்திலே தல்தெனையிலும் உள்ளவை அவை. வாவிக்கரையிலிருந்து பல்லன்சேனைக்குச் செல்ல இரவு முழுதும் புகையிரதம், பின்பு பேருந்துகள். அங்கே பேசப்படும் மொழி சிங்களம். வாரத்துக்கு ஒருமுறை அரைமணிநேரம் பார்க்க அனுமதி கிடைத்தாலும், அந்த அம்மம்மாவால் ஆண்டுக்கு ஒருமுறை போகமுடியுமா? சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆண்டுப் புள்ளிவிபரங்களைப் பார்ப்போர், தண்டனை பெற்று உள்ளே செல்வோரிற் பெரும்பாலானோர் தண்டப்பணம் கட்டத் தவறியவர்களே என்பதை மீண்டும் மீண்டும் காண்பர். விளக்கமறியலில் இருப்போரோ தண்டனைக் கைதிகளையும் விஞ்சியவர்கள். ஒரு தண்டப்பணத் தொகையையும் ஒரு பிணை ஆளையும் கொடுத்தால் வீடு போய்ச்சேரக்கூடிய இளைஞனை உள்ளே வைத்துக்கொண்டு அவனுக்குக் குடும்பவழிச் சிகிச்சை தேவையா என்று ஆராய்வது விசித்திரமான ஆராய்ச்சி.

குடும்பத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட மிகப் பெரிய முயற்சி நம் நாட்டிலேயே நடந்தது. 2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர்; அவர்களுள் 594 பேர் சிறுவர் சிறுமியர். கல்வி, தொழிற்பயிற்சி, உளவியலும் கலையும், ஆன்மிகம், விளையாட்டு, சமூக பண்பாட்டுக் குடும்ப வாழ்வு என ஆறும், அவற்றோடு சமுதாயத்தைச் சேர்த்து ஒன்றுமாக ‘ஆறு கூட்டல் ஒன்று’ என்று அத்திட்டத்துக்குப் பெயரிட்டனர். சிறுவர்களைப் பொறுத்தவரை, அவர்களைத் தண்டிக்காமல் ஓராண்டளவிலே வீட்டுக்கு அனுப்பியது நல்ல செயல். அதை மறுப்பது நேர்மையாகாது. இரத்மலானை இந்துக் கல்லூரியிலே அவர்களுட் பலர் படித்துப் பரீட்சை எழுதினர். ஆனால் 2010 ஜூனிலே வவுனியாவில் 53 சோடிகளுக்கு ஒரே மேடையிலே திருமணம் நடத்தி, இந்தி நடிகர் ஒருவரையும் அழைத்து, படம் பிடித்து உலகுக்குக் காட்டியபோது குடும்பம் என்பது அரங்கப்பொருளாகிவிட்டது. அன்று மணவறையிலே இருந்தோரின் மகிழ்ச்சியைப் பழிப்பது என் நோக்கமன்று. கல்யாணத்தின் முதல் விருந்தாளியாகப் படையதிகாரி இருக்கும் வீட்டிலே பின்பு யார் மனம்விட்டுப் பேசுவார் என்பதே கேள்வி.

அத்திட்டத்தை ஆராய்ந்த அமெரிக்க உளநூலார், குறூக்லான்ஸ்கி முதலியோர், 2018இல் வெளியிட்ட ஆய்விலே, தம் வாழ்வுக்குப் பொருள் உண்டென்ற உணர்வு வளர்ந்த கைதிகளிடம் தீவிரக் கருத்துக்கள் குறைந்தன என்று முடிவு கூறினர். கருத்து ஆழமானதே. மனிதன் தான் பொருட்படுத்தப்படவேண்டும் என விரும்புகிறான் என்பதை மறுப்பார் யார்? ஆனால் காவலுக்குள்ளே இருப்பவன், எப்போது விடுதலை என்று அறியாதவன், வினாத்தாளிலே எந்தக் கட்டத்துக்குப் புள்ளி இடவேண்டும் என்பதை அறியாதவனா? பரீட்சை மண்டபத்திலே நின்ற அனுபவமுள்ள எந்த ஆசிரியருக்கும் இது விளங்கும்.

வாவிக்கரையின் கதை 2009க்கு முந்தியது. 2004 மார்ச்சிலே கருணா பிரிந்து, ஏப்ரலிலே வெருகலிற் சண்டை மூண்டு முடிந்தபோது, நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் படைமுகாம்களிலிருந்து வீடு வந்தனர். தாய்மார் முகாம் வாசல்களுக்கே சென்று பிள்ளைகளைக் கூட்டிவந்தனர். சட்டமோ சிகிச்சையோ அவர்களை அனுப்பவில்லை. அடுத்த மாதங்களிலே அப்பிள்ளைகளுள் பலரைப் புலிகள் மீண்டும் கொண்டுசென்றனர். 2006இல் கருணா குழுவும் அரசபடைகளின் கண்முன்னே பையன்களைக் கடத்தியது. மறைத்துவைக்க முடியாத தாய்மார், பதினாறு பதினேழு வயதிலே பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்தனர். பின்னர் 2019 ஏப்ரல் 21ஆம் நாள் சீயோன் தேவாலயத்திலே ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகளைக் குண்டு கொன்றது. அதன்பின் காத்தான்குடி வீடுகளிலிருந்து இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் உள்ளே போயினர். 2021 மே மாதம் கிரான் கடற்கரையில் விளக்கேற்றியதற்காகப் பத்துப் பேர் கைதாகி டிசம்பர்வரை அடைபட்டிருந்தனர். தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் ஒரே சிறைவாசலில் ஒரே வரிசையிலே நின்ற காலம் அது. அவ்வரிசையிலே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நம்முடைய எழுத்தாளர் எவரும் இன்னும் எழுதவில்லை.

எழுத்தாளர்கள் எழுதாததைப் பற்றியே இனிச் சொல்லவேண்டும். நமது சிறை இலக்கியம் வீரர்களின் இலக்கியம். 1983 ஜூலை 25ஆம் 27ஆம் நாட்களில் வெலிக்கடையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும், எஞ்சியோர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டதும், செப்டெம்பர் 23ஆம் நாள் அவர்கள் சிறையுடைத்துத் தப்பியதும் நம் நினைவிலே காவியமாகிவிட்டன. மட்டக்களப்புச் சிறை என்றால் இன்றும் உடைந்த சிறைதான் நினைவுக்கு வருகிறது. உடையாத சிறை வருவதில்லை. ஷோபாசக்தியின் ‘ம்’ என்னும் நாவல் (2004) இந்தக் காவியத்தை உள்ளிருந்தே குலைத்தது. வெலிக்கடையையும் மட்டக்களப்பையும் கடந்துவந்த ஒருவன் பிற்காலத்திலே புலம்பெயர் நாட்டில் தகப்பனாகும்போது அக்குடும்பத்துக்குள் எதைக் கொண்டுவருகிறான் என்று அது கேட்டது. வாசகர் பலர் அக்கேள்வியைப் பொறுக்கவில்லை. சிகிச்சை பற்றிய நூல்கள் குடும்பத்தைக் கைதிக்கு மருந்தாகக் காட்டுகையில், சிறை குடும்பத்துக்கு நஞ்சாவதை அந்நாவல் காட்டிற்று. 2016இல் வெளிவந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ சிறையையும் புனர்வாழ்வையும் பேசுகிறது; அவர் உயிரோடு இல்லாதபோதே அது அச்சேறியது. இருப்பினும் இவர்களெல்லாம் அரசியற் கைதிகள். கசிப்பு வழக்கிலே உள்ளே போனவனுக்கு நம்மிடம் கதை இல்லை. தமிழ்நாட்டிலே கோவையைச் சேர்ந்த சந்திரகுமார் என்னும் ஓட்டோ ஓட்டுநர், தாம் செய்யாத குற்றத்துக்காகக் குண்டூரிலே அடிபட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். எந்தக் கொள்கைக்காகவும் உள்ளே போகாத நாலு பையன்களின் கதை அது. அப்படியொரு நூல் வாவிக்கரையிலிருந்து வரவேண்டும்.

முற்போக்காளராகிய நம்மீதும் குறை உண்டு. நமக்கென்று ஒரு மக்கரென்கோ இருந்தார். 1920இல் பொல்தாவா அருகே அநாதைகளும் திருடர்களுமான இளைஞருக்கு அவர் நடத்திய குடியிருப்பிலே, வந்தவனின் பழைய குற்றத்தை எவரும் கேட்பதில்லை. கரபனோவ் என்ற முன்னாள் திருடனிடம் நகரத்துக்குப் போய்ப் பெருந்தொகைப் பணம் வாங்கிவர அனுப்பி, வந்தபின் எண்ணிப் பார்க்காமலே வாங்கிவைத்தார் என்ற சம்பவத்தைப் படித்தோர் மறக்கமாட்டார். தன்மதிப்பு அளக்கப்படவில்லை, ஒப்படைக்கப்பட்டது. ஆனால் மக்கரென்கோவிடம் வீடு இல்லாத பிள்ளைகளே வந்தனர். கூட்டுவாழ்வையே குடும்பமாக்க அவரால் முடிந்தது. பின்னர் அவர் பணியாற்றிய கம்யூன் இரகசியப் பொலிசாரின் பொறுப்பிலே இருந்தது என்பதையும் நாம் எடுத்துச் சொல்வதில்லை. கட்டுப்பாடும் அணிவகுப்பும் கூட்டு உழைப்பும் உள்ள இடமெல்லாம் மக்கரென்கோவின் இடம் ஆகிவிடாது. போதைப்பொருட் புனர்வாழ்வுக்கெனச் சொல்லப்பட்ட கந்தக்காட்டிலே 2022 ஜூனில் ஓர் இளைஞன் இறந்ததும் நூற்றுக்கணக்கானோர் வேலியுடைத்து ஓடியதும் அண்மைச் செய்திகள். அடுத்த ஆண்டே புனர்வாழ்வுப் பணியகத்துக்குச் சட்டம் வந்தது.

வாவிக்கரைக்குப் பொருந்தும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பிலே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருங்கே வந்து மண்ணும் நிறமும் கதையும் கொண்டு விளையாடினர். ‘உனக்கு என்ன நடந்தது’ என்ற கேள்வி அங்கே முதலிற் கேட்கப்படவில்லை. பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலாளர், காணாமற் போன பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு அம்மன் கோயில்களிலே தெய்வமாடுவோரிடம் தாய்மார் சென்றதை எழுதியிருக்கிறார். நம்மைப் போன்றோர் மூடநம்பிக்கை என்று நகைத்த இடம் அது. பொலிசும் நீதிமன்றமும் கேட்க மறுத்த பெயரை ஒருவர் உரத்துச் சொல்லக் கேட்பதற்கு அத்தாய்க்கு வேறு இடம் இருக்கவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பகுத்தறிவு என்பது மக்களின் துன்பத்துக்குச் செவிகொடாமல் இருப்பதாயின் அது நமக்கு எதற்கு?

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாய், என்னிடம் படித்த தன் மகனுக்காக மனு எழுதித் தரும்படி வந்தாள். நான் முறைப்படி எழுதினேன்: வயது, படித்த வகுப்பு, முன்பு குற்றமில்லாமை, குடும்ப வறுமை. வாசித்துக் காட்டியபோது அவள் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். தமக்கையின் வீட்டுக்கு யன்னல் மட்டம் வரை அவன்தான் தன் கையால் கல் வைத்துக் கட்டினான் என்று எழுதவேண்டுமாம். சொன்னதற்காக எழுதினேன். பின்பு நற்பிரதி எடுக்கும்போது, வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ணி, சிவப்பு மையால் அவ்வரியை வெட்டிவிட்டேன். மனு தள்ளுபடியாயிற்று. அந்த வீட்டு வழியாக இப்போதும் போகவேண்டியிருக்கிறது. யன்னல் மட்டத்துக்கு மேலே இன்னும் கல் ஏறவில்லை.